மூஞ்சி சரின்னு சொல்லுது

லீவில் ஊருக்கு வந்ததும் ஒரு வேலையாகத் திண்டுக்கல் போனேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், பிரியாணிக் கடைக்கு மேலே, நான் ஜெர்மன் படித்த வகுப்பு அப்படியே இருக்கிறது. படிக்கட்டு ஏறும் இடத்தில் மாட்டியிருந்த போர்டும் இருக்கிறது. ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு ஜெர்மன் மிக மிக எளிது என்று அதில் எழுதியிருக்கும். ஒரு ‘மிக’ போதாது என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. படிக்கிற காலத்தில் அந்தப் போர்டைத் தாண்டும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று இவர்களுக்கு யார் சொன்னது?

நான் எரியோட்டில் பிறந்து, பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தவள். நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டேன். திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ் வேலை. என் ஆங்கிலம் முழுவதும் அந்த வார்டுக்குள் அடங்கிவிடும். டிரிப், பிபி, டிஸ்சார்ஜ், எஸ் டாக்டர், ஓகே டாக்டர். வார்டுக்கு வெளியே நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசச் சொன்னால் திருதிருவென்று முழிப்பேன்.

ஆனாலும் போர்டு சொன்னது பொய்யில்லை. முதல் வாரமே உடம்பின் உறுப்புகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். கைக்கு ஹான்ட், விரலுக்கு ஃபிங்கர், தோளுக்குக் கீழே உள்ள கைக்கு ஆர்ம். முழங்காலுக்கு க்னீ. ஆங்கிலக்காரர்கள் எழுதிவிட்டு வாயைத் திறக்காமல் விட்டுவிடும் முதல் எழுத்தை, ஜெர்மன்காரர்கள் வீணாக்காமல் சொல்லிவிடுகிறார்கள். ரத்தத்துக்கு ப்ளூட், காய்ச்சலுக்கு ஃபீபர், தண்ணீருக்கு வாசர். தினமும் நான் தொட்டுத் துடைத்துக் கட்டுப் போட்ட அதே உடம்பு, பெயரைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு எதிரில் வந்து நின்றது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கஷ்டமும் இல்லாமல் இல்லை. மேசை ஆணாம், கதவு பெண்ணாம். குழந்தை இரண்டும் இல்லையாம். சின்னப் பெண்பிள்ளையைக்கூட அஃறிணை மாதிரித்தான் வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்ட அன்று வீட்டுக்குப் போய், அப்போது யுகேஜி படித்துக்கொண்டிருந்த என் மகளிடம் சொன்னேன். அவள் அந்த ஊருக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நான் காரணம் எதுவும் கேட்காமல் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். மனப்பாடம் செய்ய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் டீச்சர் என்னைவிட இளையவர். பேகம்பூர்ப் பெண். சில வருஷம் ஜெர்மனியில் இருந்துவிட்டு வந்தவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை மேடம் என்பேன். பதினொரு மணிக்குக் கீழே வெங்காயம் வதங்கும் வாசம் மாடி ஏறி வந்துவிடும். அதற்குப் பிறகு யாருக்கும் எதுவும் மண்டையில் ஏறாது என்று தெரிந்து, கஷ்டமான பாடங்களை அதற்குள் முடித்துவிடுவார். அந்தப் பொறுமைக்கு அவருக்குக் கோயில் கட்டலாம்.

எதற்காக ஜெர்மனிக்குப் போகிறாய் என்று கேட்டவர்களிடம், பிள்ளையின் படிப்புக்காக என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்கே போக ஆசை. வேறு ஊரில், வேறு வார்டில் நான் எப்படி இருப்பேன் என்று பார்க்க ஆசை. அங்கே ஒரு மருத்துவமனை எனக்கு வேலை தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. பரீட்சையில் தேற வேண்டும், அவ்வளவுதான். படிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது என்று அதில் நாலு பகுதி. முதலில் நான் போவது, வீடு பார்த்த பிறகு கணவரும் மகளும் வருவது என்று எங்களுக்குள் பேச்சு.

இங்கே என் ஓரகத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். மாமனார் மாமியார் காலமான பிறகு அண்ணன் தம்பி இருவரும் பிரியாமல் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில்தான் இருந்தோம். அக்காவுக்கு இரண்டு பையன்கள், இரண்டு பேரும் பெரிய வகுப்பு. நான் டூட்டிக்குப் போய்விட்டால் என் மகளுக்குத் தலை பின்னுவதிலிருந்து சோறு ஊட்டுவதுவரை அக்காதான். ஓரகத்திகள் சண்டை போட்டு எங்கள் தெருவில் பாதிக் குடும்பங்கள் பிரிந்துவிட்டன. நாங்கள் இருவரும் ஒருநாள்கூடச் சண்டை போட்டதில்லை என்பதைப் பெண் பார்க்கப் போகிற இடத்தில்கூட எடுத்துச் சொல்வார்கள்.

சண்டை வராததற்குக் காரணம் பெரிய பாசம் என்று சொல்ல மாட்டேன். நாங்கள் இருவரும் எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. பிடித்தால் சரி என்போம். பிடிக்காவிட்டால் பாப்போம் என்போம். ‘பாப்போம்’ என்று சொன்னால் அந்தக் காரியம் நடக்காது என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கேட்டவரும் மறுபடி கேட்க மாட்டார், சொன்னவரும் விளக்க மாட்டார். எதிர்த்துப் பேசாத பிள்ளை என்று பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் வார்டிலும் எனக்கு நல்ல பெயர்.

பரீட்சை கோயம்புத்தூரில். பேச்சுப் பகுதியில் முன்பின் தெரியாத ஒருவரோடு ஜோடி சேர்த்துவிடுவார்கள். ஒரு அட்டையைக் கொடுத்து, இருவரும் பேசி ஒரு திட்டம் போடச் சொல்வார்கள். எனக்கு ஜோடியாக வந்தவர் ஒரு இளைஞர், இன்ஜினியர். எங்கள் அட்டையில் இருந்தது, உடன் வேலை பார்ப்பவர் வயிற்றில் ஆபரேஷன் முடிந்து மருத்துவமனையில் இருக்கிறார், அவரைப் பார்க்கப் போகத் திட்டமிடுங்கள்.

அந்தத் தம்பி ஞாயிற்றுக்கிழமை காலையில் போவோம் என்றார். குட் என்றேன். அலுவலகத்தில் உள்ள எல்லாரையும் கூட்டிக்கொண்டு போவோம் என்றார். ஸெர் குட் என்றேன், அதாவது மிக நல்லது. பெரிய கேக் ஒன்று வாங்கிப்போய் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவோம் என்றார். அதற்கும் ஸெர் குட். வயிற்று ஆபரேஷன் முடிந்தவருக்கு இட்லி கொண்டுவந்த சொந்தக்காரர்களை வார்டு வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புகிறவள் நான். கூட்டமாக வந்தால் செக்யூரிட்டியைக் கூப்பிடுகிறவள். அப்படிப்பட்ட நான் கேக்குக்குத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதில் தப்பு இருப்பதாக அப்போது எனக்குப் படவேயில்லை. சண்டை சச்சரவில்லாமல் ஒரு காரியம் முடிந்தது என்ற திருப்தியோடு பழனி பஸ்ஸில் ஏறி, ஒட்டன்சத்திரம் வரும்வரை தூங்கினேன்.

மூன்று பகுதிகளில் தேறியிருந்தேன். பேச்சில் போய்விட்டது.

எனக்கு நம்பவே முடியவில்லை. ஒரு வார்த்தைகூடத் தப்பாகச் சொல்லவில்லையே என்று டீச்சரிடம் போய் அழுதேன். அவர் என்னை உட்காரவைத்து, அன்று நடந்ததை அப்படியே சொல்லச் சொன்னார். சொன்னேன். கேக்குக்கு வந்தபோது அவர் சிரித்துவிட்டார்.

“அக்கா, உங்களுக்கு ஜெர்மன் நல்லாவே வருது. வேண்டாம்னு சொல்றதுதான் வரல,” என்றார்.

பிறகு நிதானமாக விளக்கினார். சரி, சரி என்று மட்டும் சொல்கிறவருக்கு மொழி தெரியுமா தெரியாதா என்று கேட்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? மறுக்க வேண்டும், ஏன் என்று சொல்ல வேண்டும், வேறொரு வழி சொல்ல வேண்டும். அங்கே வார்டிலும் அப்படித்தான், தலையாட்டிக்கொண்டே இருந்தால் இவளுக்கு விஷயம் தெரியாது என்றுதான் நினைப்பார்கள் என்றார். எனக்கு இன்னொரு வாய்ப்பு இருந்தது. அந்த மருத்துவமனை அதுவரைதான் காத்திருக்கும். அதிலும் போனால் வேலை வேறு யாருக்காவது போய்விடும். டீச்சர் எனக்கு ‘லைடர் நிஷ்ட்’ என்று ஒன்றைச் சொல்லிக்கொடுத்து, முதலில் இது வாயில் வரட்டும் என்றார். வருத்தம்தான், ஆனால் முடியாது என்று அர்த்தம். மறுக்கும்போதே வருத்தத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுவது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று லைடர் நிஷ்ட், லைடர் நிஷ்ட் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சொன்னேன். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு செத்த நேரம் யோசித்தார்.

“கண்ணாடியா கேக்குது, வேணுமா வேணாமான்னு? எங்கிட்டச் சொல்லிப் பழகு. எனக்குத்தான் ஒண்ணும் வெளங்காதே, கோவமும் வராது,” என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அக்கா தமிழில் எதையாவது கேட்பார். நான் ஜெர்மனில் மறுத்து, காரணம் சொல்லி, வேறு ஒன்று சொல்ல வேண்டும். அடுப்படியில், துணி மடிக்கும்போது, விடிகாலையில் தோட்டத்தில் மல்லிகை மொட்டு பறிக்கும்போது என்று எந்நேரமும் இதே வேலை. நாளைக்கு எரியோட்டுக்குப் போய் உங்கம்மாவப் பாத்துட்டு வருவமா என்பார். நான் லைடர் நிஷ்ட் போட்டு, நாளை டூட்டி, வெள்ளிக்கிழமை போவோம் என்று முடிப்பேன். அக்கா நான் பேசுவதைக் கேட்கவே மாட்டார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

“நீ என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியாது. ஆனா மூஞ்சி சரின்னு சொல்லுது. திருப்பிச் சொல்லு,” என்பார்.

எனக்கு எரிச்சலாக வரும். உண்மையில் என் முகம் சிரித்துக்கொண்டுதான் இருக்கும், தலை பக்கவாட்டில் ஆடும். தலையைப் பிடித்து நிறுத்தினால் சிரிப்பு வந்துவிடும், சிரிப்பை அடக்கினால் தலை ஆடிவிடும். பையன்கள் இருவரும் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். மகள் லைடர் நிஷ்ட் சொல்லிப் பால் குடிக்க மறுக்க ஆரம்பித்தாள்.

ஒருநாள் அக்கா, கருணைக்கிழங்கு மசியல் வைக்கட்டுமா என்று கேட்டார். நான் மறுத்தேன். இது பரவாயில்லை என்று என்னை உற்றுப் பார்த்துவிட்டு, என்ன காரணம் சொன்னாய் என்று கேட்டார். எனக்குக் கருணைக்கிழங்கு பிடிக்காது, தொண்டை நமநமக்கும் என்று சொன்னதாகச் சொன்னேன். அக்கா கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டார். அவருக்கும் பிடிக்காதாம். நான் கல்யாணமாகி வந்த புதிதில் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்து, எனக்குப் பிடிக்கும் போல என்று வாரம் தவறாமல் செய்திருக்கிறார். நான் அவருக்குப் பிடிக்கும் போல என்று வாரம் தவறாமல் சாப்பிட்டிருக்கிறேன். இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தக் கிழங்கு வரவில்லை. கணவருக்கும் அவர் அண்ணனுக்கும் அது ரொம்பப் பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

பரீட்சைக்குச் சில நாள் முன்னால், காலையில் தோட்டத்தில் இருந்தோம். ஒரு வரிசைச் செடிக்கு அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் நான். வழக்கம்போல இரண்டு மூன்று கேள்வி கேட்டார், நானும் மறுத்தேன். அப்புறம் கையைப் பூவிலிருந்து எடுக்காமலே கேட்டார்.

“பாப்பா இங்கனயே எங்கிட்ட இருந்து படிக்கட்டும். நீங்க லீவுக்கு லீவு வந்து பாத்துக்கங்க. என்ன?”

லைடர் என்று ஆரம்பித்துவிட்டேன். பாதியிலேயே நின்றுவிட்டது. அக்கா பழகுவதற்காகக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை நாளாக அதை மனதில் வைத்திருந்தாரோ, தெரியாது. நேராகக் கேட்கக் கூச்சப்பட்டு மற்ற கேள்விகளுக்கு நடுவே வைத்துக் கேட்டிருக்கிறார். பாப்போம்க்கா என்று சொல்லியிருக்கலாம். அவரும் புரிந்துகொண்டு விட்டிருப்பார். ஜெர்மனில் எதையாவது சொல்லித் தப்பித்தும் இருக்கலாம். ஆனால் என் பிள்ளைக்கு என்னைவிட அதிக நேரம் சோறு ஊட்டிய மனுஷிக்கு, அவருக்குப் புரியாத மொழியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“இல்லக்கா,” என்றேன். “அவள விட்டுட்டு என்னால இருக்க முடியாது. மொத ஆறு மாசம் உங்ககிட்ட இருக்கட்டும். வீடு பாத்ததும் வந்து கூட்டிட்டுப் போயிருவேன்.”

நான் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவரிடம் சொன்ன முதல் ‘இல்லை’ அதுதான். அக்கா அந்தச் செடியை முழுக்கப் பறித்து முடித்தார். மடியில் இருந்த மொட்டுகளைச் சாக்கில் கொட்டினார். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“இப்பத்தான் மூஞ்சியும் சேந்து சொல்லுது,” என்றார்.

அன்று முழுக்க அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை. பூ மூட்டையை நிலக்கோட்டை வண்டியில் ஏற்றிவிட்டு எனக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தார். எனக்கு வேலையே ஓடவில்லை. சாயங்காலம் டூட்டி முடிந்து வந்தபோது தட்டில் கத்திரிக்காய் வதக்கல் வைத்திருந்தார். எனக்குப் பிடித்த வெஞ்சனம் அதுதான் என்று முந்தின வாரம்தான் அவருக்குத் தெரியவந்தது.

இரண்டாம் பரீட்சையில் எனக்கு ஜோடி பழனிப் பக்கத்து அம்மா ஒருவர், அவரும் நர்ஸ். உடன் வேலை பார்ப்பவர் ஒருவர் ஓய்வு பெறுகிறார், விழா ஏற்பாடு செய்யுங்கள் என்று அட்டை. அந்த அம்மா, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மலைக்குப் போவோம் என்றார். லைடர் நிஷ்ட், ஞாயிற்றுக்கிழமையும் பாதிப் பேருக்கு டூட்டி இருக்கும், சனிக்கிழமை மாலை மருத்துவமனையிலேயே வைப்போம் என்றேன். அவர் விடவில்லை, வேலை பார்த்த இடத்திலேயே விழா வைத்தால் அது விழாவா என்றார். நானும் விடவில்லை. தேர்வாளர் நேரம் முடிந்தது என்று சொல்லித்தான் எங்களைப் பிரிக்க வேண்டியிருந்தது. வெளியே வந்ததும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏனுங்க, நெசமாவே கோவமுங்களா?” என்று கேட்டார். இல்லை இல்லை என்று கட்டிப்பிடித்துக்கொண்டேன். இருவரும் தேறிவிட்டோம்.

அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன். அங்கே முதல் மாதமே ஒரு நோயாளியை எழுப்பி நடக்கவைக்கச் சொன்னார் டாக்டர். காலையிலிருந்து அவருக்குத் தலை சுற்றுகிறது, இப்போது வேண்டாம், மதியம் பார்க்கலாம் என்றேன். டாக்டர் சரி என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. நான் மருந்து அறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன்.

ஆனால் வீடு கிடைக்கவில்லை. ஒரு அறையில், பொதுச் சமையலறையோடு இருந்தேன். ஷிஃப்ட் மாறி மாறி வந்தது. ஆறு மாதம் நெருங்கும்போது எனக்குப் பயம் வந்துவிட்டது. பிள்ளையை இந்த ஒரு அறைக்குக் கொண்டுவந்து நான் என்ன செய்வேன், கணவரும் வேலைக்குப் போய்விட்டால் யார் பார்த்துக்கொள்வார்கள்? கணவரிடம் சொன்னேன். அண்ணியிடம் கேள் என்றார். அன்று வீடியோவில் அக்காவிடம் கேட்டேன். இன்னும் ஒரு வருஷம் அவள் உங்களிடமே இருக்கட்டும் அக்கா, நான் நிமிர்ந்த பிறகு கூட்டிக்கொள்கிறேன் என்றேன். சரி என்றுதான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். அவர் ஆசைப்பட்டுக் கேட்டதைத்தானே கொடுக்கிறேன்.

அக்கா தலையைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் மகள் விளையாடும் சத்தம் கேட்டது.

“லைடர் நிஷ்டு,” என்றார் அக்கா. “பாப்பா இப்பல்லாம் என்னையத்தான் அம்மாங்குது. எனக்கு அம்புட்டு நல்லா இருக்கு. அதான் சொல்றேன், வந்து கூட்டிட்டுப் போ. வீட்ட அவ வந்த பெறகு பாரு.”

போனைக் கிட்டே கொண்டுவந்து அவர் முகத்தைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. சரி என்று எங்கேயாவது இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை. மறுநாள் காலையில் லீவு கேட்டேன். மகளையும் கணவரையும் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறேன். இதோ, நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அக்கா வாசலில் உட்கார்ந்து என் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கிறார். எப்படிப் பின்ன வேண்டும் என்று என்னைப் பக்கத்தில் வந்து பார்க்கச் சொல்கிறார்.